மூடியைத் திறந்தால் அணையும் விளக்கு

திங்கட்கிழமை பட்டறையைத் திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, கண்ணாடிப் புட்டித் தொழிற்சாலையிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. உலைச் சுவர் அளவுக்கு மீறிச் சுட்டால் சிவப்பு விளக்கை எரிய வைக்க இந்தப் பட்டறை செய்து கொடுத்த, தடித்த அலுமினியப் பெட்டி. ஒரு பக்கம் முழுக்கப் புகைக் கறுப்பு. மூடியில் இருக்க வேண்டிய நான்கு திருகில் ஒன்றைக் காணோம். கூடவே ஒரு கடிதம். மேலாளர் அதை நின்றபடியே படித்தார். தாள்காரம்மாவின் மேசையில் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

தாள்காரம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் அந்தப் பட்டறையில், எந்தப் போர்டில் எந்தச் சிப், எந்த டிரான்சிஸ்டர், எந்த ரெசிஸ்டர் என்று தேர்ந்தெடுப்பது அவள் பொறுப்பு. ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு தாள் எழுதுவாள். எதையெல்லாம் பார்த்தேன், எதை ஏன் தள்ளினேன், எதை ஏன் எடுத்தேன் என்று வரிசை வரிசையாகக் கட்டம் போட்டு இருக்கும். அடியில் அவள் கையெழுத்து. அதற்கும் அடியில் மேலாளரின் கையெழுத்து. “இந்தம்மா செருப்பு வாங்கப் போனாலும் தாள் எழுதித்தான் வாங்கும். இடது கால் ஏன், வலது கால் ஏன்னு தனித்தனியா ரெண்டு வரி இருக்கும்” என்று, போர்டில் பாகங்களை ஈயம் உருக்கி ஒட்டும் பற்றவைப்பவர் ஒரு நாள் சொல்லப்போக, பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

கடிதம் சுருக்கமாக இருந்தது. போன வியாழக்கிழமை பிற்பகல், முதல் உலையைக் கவனிக்கும் பணியாளர், பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்ததாகச் சொல்லி எரிவாயுவை மூடிவிட்டார். ஆனால் பெட்டி தானே எழுதி வைத்திருந்த பதிவில் உலைச் சுவரின் சூடு இயல்பாகவே இருந்தது. எச்சரிக்கை எதுவும் பதிவாகவில்லை. அதிகாரி போய்ப் பார்த்தபோது விளக்கும் எரியவில்லை. கண்ணாடிக் குழம்பு கால்வாயில் உறைந்துபோய் மூன்று நாள் உற்பத்தி நின்றுவிட்டது. பணியாளர் தற்காலிகமாக நீக்கப்பட்டிருக்கிறார். வரும் வியாழன் காலை பத்து மணிக்கு விசாரணை. பெட்டி சரியாக இயங்குகிறது என்பதை அதற்குள் எழுத்தில் தரவும்.

கடைசி வரியை அவள் இரண்டு முறை படித்தாள். ‘பெட்டி சரியாக இயங்குகிறதா என்று சோதித்துச் சொல்லவும்’ என்று அவர்கள் கேட்கவில்லை. பதிலையும் அவர்களே எழுதி அனுப்பியிருந்தார்கள்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம். நடுவில் ஒரு மூளை. அது மூன்று வோல்ட்டுக்குச் சற்று மேலே வேலை செய்வது. ஓரத்தில் சிவப்பு விளக்கை எரிய வைக்கும் பகுதி. அது ஐந்து வோல்ட்டில் வேலை செய்வது. ஒன்று மெதுவாகப் பேசும். மற்றதற்கு உரக்கச் சொன்னால்தான் காதில் விழும். அதனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு லெவல் மாற்றி வேண்டும். மூன்றை ஐந்தாக்கிச் சொல்லும் ஆள். சாதாரணப் பெட்டியில் இது ஒரு விஷயமே இல்லை. கடைக்குப் போய் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். உலைச் சுவரில் தொங்கும் பெட்டியில் அப்படி முடியாது. உள்ளே நூற்று நாற்பது டிகிரி வரை ஏறும் என்று தொழிற்சாலை சொல்லியிருந்தது.

லெவல் மாற்றிக்காக மட்டும் அவள் ஒரு முழுத் தாள் எழுதியிருந்தாள். சமிக்ஞை எந்தப் பக்கம் போகிறது என்று தானாகவே கண்டுபிடிக்கும் சிப் ஒன்று இருந்தது. அது எண்பத்தைந்து டிகிரியோடு கையை விரித்துவிடும். ஒரே திசையில் மட்டும் போகும் சிப் இன்னொன்று. அதற்கு நூற்று இருபத்தைந்து வரைதான் உத்தரவாதம். மூன்றாவது, சிப்பே வேண்டாம் என்று, ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு ரெசிஸ்டரும் மட்டும் வைத்துச் செய்வது. ரெசிஸ்டர், விளக்குப் பகுதிக்குப் போகும் கம்பியை ஐந்து வோல்ட்டுக்குத் தூக்கிப் பிடித்திருக்கும். ஆபத்து என்று மூளை சொன்னால் டிரான்சிஸ்டர் அதைக் கீழே இழுக்கும்; கம்பி கீழே இறங்கினால் சிவப்பு எரியும். டிரான்சிஸ்டரின் மேல் நூற்று ஐம்பது என்று எழுதியிருந்தது. அதைத்தான் எடுத்தாள்.

பெட்டியை மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்தாள். ஒழுங்காக வேலை செய்தது. மூளைக்குப் பொய்யாக அதிகச் சூடு காட்டினால் சிவப்பு எரிந்தது, எடுத்தால் அணைந்தது. அடுத்து சூட்டுச் சோதனை.

சூட்டுச் சோதனைக்கு அந்தப் பட்டறையில் ஒரு முறை உண்டு. பின்னறையில் இருக்கும் சூட்டடுப்பின் கதவில் ஒயர் நுழைய ஓட்டை கிடையாது. நுழைத்தாலும் மீட்டர் ஒயரின் தோல் உருகிவிடும். அதனால் பெட்டியை உள்ளே வைத்து, நூற்று நாற்பதில் ஒரு மணி நேரம் வேகவிட்டு, தடித்த கையுறையோடு பற்றவைப்பவர் வெளியே எடுத்து ஓடி வருவார். அவள் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு மேசையில் காத்திருப்பாள். மூடியைக் கழற்றி, மின்சாரம் கொடுத்து, மீட்டரை வைத்துவிட வேண்டும். ‘சுடச்சுடப் பார்ப்பது’ என்று பெயர். ஆரம்பத்தில் இரண்டு நிமிடம் ஆனது. இப்போது நாற்பது நொடி. அதில் இருவருக்கும் ஒரு பெருமையும் உண்டு.

அன்றும் நாற்பதுதான். “முப்பத்தொம்பது” என்று பற்றவைப்பவர் அடம்பிடித்தார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மீட்டரில் நாலே முக்கால் வோல்ட். விளக்கு எரியவில்லை.

“நல்லாத்தான் இருக்கு அண்ணே” என்றாள்.

“அப்போ அந்த ஆளு தூங்கி முழிச்சிருப்பாரு. கண்ணைத் தொறந்ததும் எதிர்ல நெருப்பு. எல்லாம் செவப்பாத்தான் தெரியும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும் விட்டாள். மறுநாள் அதை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாலையில் மேலாளர் வந்து நின்றார். “எழுதிட்டீங்களா?”

“இன்னும் இல்ல சார். நாளைக்கு ஒரு தடவை பாத்துட்டு…”

“பாத்தாச்சே. மேசையில நல்லா இருக்கு, அடுப்புல நல்லா இருக்கு. இருக்கறதை இருக்குன்னு எழுத என்ன யோசனை? இன்னும் பதினொரு பெட்டி வெளியில தொங்குது, தெரியுமில்ல?”

தெரியும். ஒவ்வொன்றின் எண்ணும், எந்த ஆலையில் எந்தச் சுவரில் தொங்குகிறது என்பதும் அவள் அலமாரியில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணி இருக்கும். வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது தாண்டியவர். துவைத்து மடித்த சட்டை. இரு முன்கைகளிலும் முடியே இல்லாமல் தோல் செம்பு நிறமாகக் காய்ந்திருந்தது. யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு, “பெட்டி செஞ்சவங்களை” என்றார்.

கடிதத்தில் சொன்ன உலைக்காரர்தான். இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மேசையில் இருந்த பெட்டியை, சண்டை போட்டுக்கொண்டு பிரிந்த பங்காளியைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார்.

“சிபாரிசு கேக்க வரலம்மா. அப்படி நெனச்சுக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். இந்த விளக்கு சும்மா எரியுமா?”

“சோதிச்சுப் பாத்தோம் ஐயா. எரியல.”

“ஓ.” பெட்டியின் புகைக் கறுப்பை விரலால் ஒருமுறை தடவினார். பிறகு, “எரிஞ்சுதும்மா” என்றார். “நான் உலை முன்னாடி பத்தொம்பது வருஷமா நிக்கறேன். கிட்டத்துல படிக்கறதுக்குத்தான் கண்ணாடி வேணும். செவப்பு தெரியாத அளவுக்குப் போகல. எரிஞ்சுது, நான் மூடினேன். செவப்பு எரிஞ்சா மூடுன்னு சொல்லித்தானே சுவத்துல மாட்டினாங்க? மூடிட்டு ஆபீசுக்கு போன் போட்டேன். அவங்க வர்றதுக்குள்ள அணைஞ்சு போச்சு. இப்போ எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க. என் மாப்பிள்ளையும் அங்கதான் வேலை. எதிர்ல வந்தா சைக்கிளை வேற பக்கம் திருப்பிக்கறாரு. அது போகட்டும், பொண்ணு குடுத்த இடம். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவ, நேத்து சோறு போட்டுக்கிட்டே கேக்கறா, ‘நெசமாவே எரிஞ்சுதா?’ன்னு.”

 தாள்காரம்மா பழக்க தோஷத்தில் தாளை எடுத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். எத்தனை மணிக்கு? மூன்றேகால். அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாக ஏதாவது? பக்கத்தில் இரண்டாவது உலையையும் அன்றுதான் ஏற்றினார்கள். நான்கு மாதமாக அது பழுதில் கிடந்தது. அதனால் நடுச்சுவர் பக்கம் நிற்கவே முடியவில்லை. விளக்கு எவ்வளவு நேரம் எரிந்தது? ஏழெட்டு நிமிடம்.

“எப்படி அணைஞ்சுது? மினுக்கி மினுக்கியா, சட்டுனா?”

உலைக்காரர் தயங்கினார். “சொன்னா நீங்களும் சிரிப்பீங்க. அங்க சொன்னப்போ சிரிச்சாங்க. உள்ள என்னதான் ஆச்சுன்னு பாக்கலாம்னு மூடியைக் கழட்டினேன். ஒரு திருகு கீழ விழுந்து போச்சு, அதைத் தேடிக்கிட்டு நிமிர்ந்தேன். விளக்கு அணைஞ்சிருந்துச்சு. உள்ள எதையும் தொடலம்மா. மூடியை மட்டுந்தான் தொறந்தேன்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பேனாவைக் கீழே வைத்தாள். 

மூடியைத் திறந்த பிறகு பார்த்தது அந்த மனிதர் மட்டும் இல்லை. அவளும்தான். நேற்று மட்டும் இல்லை, பன்னிரண்டு பெட்டிகளையும் அப்படித்தான் பார்த்திருக்கிறாள். மின்விசிறிக்குக் கீழே. நாற்பது நொடி என்று கடிகாரம் பிடித்துப் பெருமைப்பட்டுக்கொண்டாள். மிளகளவு டிரான்சிஸ்டர் ஆறுவதற்கு நாற்பது நொடி எதற்கு? பத்து போதும். அந்தப் பட்டறையில் இதுவரை ஒரு பெட்டியையும் சூட்டில் யாரும் பார்த்ததே இல்லை. சூட்டிலிருந்து வெளியே வந்த பெட்டியைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

“ஐயா, நீங்க வீட்டுக்குப் போங்க. வியாழக்கிழமை நான் வர்றேன்” என்றாள்.

“என்னன்னு வருவீங்க?” என்று கேட்டார் உலைக்காரர்.

“அதை இன்னும் நான் பாக்கல. பாத்ததைச் சொல்ல வருவேன்.”

அவர் போன பிறகு அலமாரியைத் திறந்து அந்தப் பெட்டிக்கான தாளை எடுத்தாள். டிரான்சிஸ்டர் வரிக்கு எதிரே பத்து வரி காரணம். அதற்கு அடுத்த வரி, கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் ரெசிஸ்டர்: நூறு கிலோ ஓம். காரணம் என்ற கட்டத்தில் இரண்டே சொல்: ‘முன்பு போலவே.’

முன்பு என்றால், அதற்கு முந்தைய வருடம் குளிர்பதனக் கிடங்குக்குச் செய்த பெட்டி. பேட்டரியில் ஓடுவது. பேட்டரி நீடிக்க வேண்டும் என்று பெரிய ரெசிஸ்டராகப் பார்த்துப் போட்டாள். கம்பியை லேசாகப் பிடித்தாலே அங்கே போதும். குளிரில் எந்த டிரான்சிஸ்டரும் கசியாது. அதே மதிப்பை அப்படியே தூக்கி உலைக்குப் போட்டிருக்கிறாள். மூடியிருக்கும் குழாயும் கொஞ்சம் சொட்டுவது போல, மூடியிருக்கும் டிரான்சிஸ்டரிலும் கொஞ்சம் மின்சாரம் கசியும். சூடு பத்து டிகிரி ஏற ஏற அந்தக் கசிவு இரண்டு மடங்கு ஆகி, லேசாகப் பிடித்திருக்கும் கம்பியைக் கீழே இழுத்துவிடும். டிரான்சிஸ்டரின் விவரத்தாளில் கசிவு எவ்வளவு என்ற கட்டத்தைப் பார்த்திருக்கிறாள், பார்க்காமல் இல்லை. அது இருபத்தைந்து டிகிரிக்கான கட்டம். நூற்று ஐம்பது தாங்கும் என்றால் உடையாது என்று அர்த்தம். கசியாது என்று யாரும் சொல்லவில்லை.

அன்று மாலை வீட்டில் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பதைப் பார்த்துக் கணவன் கேட்டான். அவன் பேருந்து ஓட்டுபவன். அவளுடைய வேலையில் பாதி புரியும், மீதியை ஊகித்துக்கொள்வான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இதுல அந்த ஆளு செஞ்ச தப்பு என்ன?” என்றான்.

“ஒண்ணும் இல்ல.”

“உன் தப்பு?”

“ஒரு வரி. ரெண்டே வார்த்தை.”

“பிரேக் போட்டவனைப் பிடிச்சு ஏன்டா போட்டேன்னு கேட்டா, அடுத்த தடவை போட யோசிப்பான். யோசிக்கற நேரத்துல பஸ்ஸு போய்ச் சேந்துடும்” என்றான். பிறகு, “எனக்கு உன் டிரான்சிஸ்டரெல்லாம் தெரியாது தாயே, இது மட்டுந்தான் தெரியும்” என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனான்.

புதன் காலை பற்றவைப்பவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் முதலில் நம்பவில்லை. “அப்போ நம்ம நாப்பது நொடி?” என்றார், யாரோ சொத்தை எழுதி வாங்கிக்கொண்டது போல. பிறகு அவரே பழைய இஸ்திரிப் பெட்டி ஒன்றைப் பிரித்து, அதற்குள் இருந்த கண்ணாடி இழை சுற்றிய ஒயரை உருவினார். அது நெருப்பையே தாங்கும். அடுப்புக் கதவுக்கும் அதன் ரப்பர் வளையத்துக்கும் நடுவே ஒயரை நெளித்து நுழைத்து, கதவைக் கயிறு போட்டுக் கட்டினார். இம்முறை பெட்டி அடுப்புக்குள் இருக்கும்போதே அதற்கு மின்சாரம் கொடுத்தார்கள். மூடி இறுக்க மூடியிருந்தது. காணாமல் போன திருகுக்குப் புதுத் திருகு. அடுப்பின் சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாக விளக்கு தெரிந்தது.

அவள் எழுதிக்கொண்டே வந்தாள். எண்பது டிகிரியில் கம்பியில் நாலு புள்ளி ஒன்பது வோல்ட். நூற்றுப் பத்தில் நாலு புள்ளி மூன்று. நூற்று இருபதில் மூன்றரை.

“எறங்குதே” என்றார் பற்றவைப்பவர் மெல்ல.

நூற்று இருபத்தெட்டில் இரண்டரை. ஜன்னலுக்குள் சிவப்பு எரிந்தது. மூளைக்கு அது தெரியவே தெரியாது. அது தன் பக்கத்தில் ‘எல்லாம் இயல்பு’ என்று பதிவு எழுதிக்கொண்டே இருந்தது. கயிற்றை அவிழ்த்து, கதவைத் திறந்து, கையுறைக் கையால் மூடியைக் கழற்றினார்கள். பதினைந்து நொடியில் விளக்கு அணைந்துவிட்டது.

 பற்றவைப்பவர் கையுறையைக் கழற்றினார். “நூறு கிலோவை எடுத்துட்டுப் பத்து கிலோ போட்டா கம்பி கெட்டியா நிக்கும். ரெண்டு நிமிஷ வேலை. போட்டு மூடி அனுப்பிட்டா யாருக்குத் தெரியப் போவுது?” என்று அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். கேலியாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

“அவருக்கு எப்பவும் தெரியாமயே போயிடும் அண்ணே. தான் பாத்தது நெசமா இல்லையான்னு.”

“சரி, சரி. சும்மா சொன்னேன்.”

மேலாளரைக் கூப்பிட்டாள். அவர் வந்ததும் எதையும் விளக்காமல், மறுபடி மூடி, மறுபடி ஏற்றிக் காட்டினாள். சிவப்பு வந்தபோது மேலாளர் ஜன்னலுக்கு மிக அருகில் குனிந்திருந்தார். கண்ணாடியில் அவர் நெற்றியும் சிவந்து தெரிந்தது. நிமிர்ந்து தாளைக் கேட்டார். ‘முன்பு போலவே’ என்ற வரியில் விரலை வைத்தார். அவள் திட்டு வாங்கத் தயாராக நின்றாள்.

விரல் அப்படியே கீழே இறங்கி அவருடைய கையெழுத்தில் வந்து நின்றது. “இதுக்குப் பேரு என்னம்மா? படிச்சுட்டுப் போட்டதா, பாக்காமப் போட்டதா?” என்றார்.  “நீங்க பத்து வரி எழுதியிருந்தீங்க. பத்து வரி எழுதினவங்க பதினொண்ணாவது வரியிலயும் சரியாத்தான் எழுதியிருப்பாங்கன்னு போட்டேன்.” நாற்காலியை இழுத்து அடுப்புக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். “பதினொரு பெட்டி. பதினொரு இடத்துக்கும் போன் பண்ணணும். என்னன்னு சொல்லுவேன்?”

“பெட்டியைக் கழட்டிக் குடுங்கன்னு சொல்லுங்க சார். மாத்தித் தர்றோம்னு.”

“என்ன மாத்துவீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல.”

அன்று பிற்பகல் முழுக்க அதற்கே போனது. பத்து கிலோ ரெசிஸ்டர் போட்டு அடுப்பில் ஏற்றினார்கள்: நூற்று நாற்பதில் நாலு புள்ளி நாலு வோல்ட், நன்றாகவே நின்றது. ஆனால் அவள் அங்கே நிறுத்தவில்லை. இரண்டாவது உலையை ஏற்றியதும் சுவர் சூடானது போல, நாளைக்கு மூன்றாவதையும் ஏற்றினால்? நூற்று அறுபதில் இதுவும் தள்ளாடும். கார் இன்ஜினுக்குப் பக்கத்தில் வைப்பதற்கென்றே செய்த, நூற்று எழுபத்தைந்து டிகிரி வரைக்கும் கணக்குக் கொடுக்கும் ஒரு சிப்பைத் தேடி எடுத்தாள். ஒரே திசைதான், தானாகத் திசை கண்டுபிடிக்கும் புத்திசாலித்தனமெல்லாம் அதற்குக் கிடையாது. கம்பியை மேலே வைக்க வேண்டும் என்றால் ரெசிஸ்டரை நம்பாமல் தானே பிடித்து மேலே தள்ளும். கீழே என்றால் கீழே தள்ளும். கொஞ்சம் கசிந்தாலும் அதன் பிடி தளராது. விவரத்தாளில் கசிவுக்குக் கடைசிக் கட்டம் நூற்று எழுபத்தைந்தில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தாள். இருந்தது. வந்து சேர ஐந்து வாரம் ஆகும்.

“அதுவரைக்கும் பத்து கிலோ, அப்புறம் இது” என்றாள்.

“எழுதுங்க” என்றார் மேலாளர். “எல்லா வரிக்கும் காரணம் எழுதுங்க. இந்தத் தடவை நான் உக்காந்து படிக்கறேன்.”

தொழிற்சாலைக்கான கடிதத்தையும் எழுதினாள். கடிதம் எழுத அவளுக்குத் தெரியும். பள்ளியில் விண்ணப்பம் எழுதச் சொன்னால் ஆசிரியர் அவள் தாளைத்தான் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுவார். ஆனால் இதற்கு நான்கு தாளைக் கிழித்துப் போட்டாள். ‘சில சூழ்நிலைகளில் விளக்கு எரியும் வாய்ப்பு உண்டு’ என்று எழுதினாள், அடித்தாள். வாய்ப்பு என்ன வாய்ப்பு. கடைசியில் இப்படி நின்றது: ‘அன்று பிற்பகல் சிவப்பு விளக்கு எரிந்தது. பணியாளர் கண்டது உண்மை. அதை எரிய வைத்தது உலையின் சூடு எல்லை மீறியது அல்ல. எங்கள் பெட்டியில் நாங்கள் தவறாகத் தேர்ந்தெடுத்த ஒரு பாகம். சோதனையின் அளவுகள் இத்துடன் உள்ளன.’ கீழே கையெழுத்துப் போட்டாள். மேலாளர் முழுக்கப் படித்தார். ‘நாங்கள்’ என்ற சொல்லில் ஒரு கணம் நின்றார். பிறகு தன் பேனாவைத் திறந்தார்.

வியாழக்கிழமை விசாரணை அறையில் நீள மேசை. ஒரு பக்கம் நிர்வாக அதிகாரி, பக்கத்தில் குறிப்பெடுக்கும் ஒருவர். எதிரே தனி நாற்காலியில் உலைக்காரர், அதே துவைத்து மடித்த சட்டையில். தாள்காரம்மா உள்ளே வந்ததும் எழுந்து நின்றார். அவள் முகத்தில் என்ன இருக்கிறது என்று தேடினார்.

அதிகாரி கடிதத்தை வாய்க்குள்ளேயே படித்தார். படித்து முடித்ததும், “சத்தமாப் படிங்க சார், அவருக்காக” என்றாள் அவள். இப்படிக் கேட்போம் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. அதிகாரி ஒரு நிமிடம் அவளைப் பார்த்துவிட்டுச் சத்தமாகப் படித்தார். ‘பணியாளர் கண்டது உண்மை’ என்ற இடம் வந்தபோது உலைக்காரர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். செம்பு நிறக் கைகளை முழங்காலில் வைத்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டார்.

“சரி, இவர் பொய் சொல்லல. அது ஒத்துக்கறேன்” என்றார் அதிகாரி. “ஆனா அவசரப்பட்டுட்டாரு இல்லையா? ஆபீசுக்கு வந்து பதிவைப் பாத்துட்டு மூடியிருந்தா மூணு நாள் போயிருக்காதே.”

“ஆபீசு உலையிலேர்ந்து எவ்வளவு தூரம் சார்?” என்று கேட்டாள்.

“நடந்தா ஏழு நிமிஷம்.”

“அந்த ஏழு நிமிஷத்துல சுவர் நெசமாவே வெடிக்கறதா இருந்தா, வெடிச்சிருக்கும். அந்த விளக்கை வெச்சதே அதுக்குத்தான் சார். சும்மா எரிஞ்சது எங்க தப்பு. எரிஞ்சதும் மூடினது தப்புன்னு நீங்க இன்னிக்கு எழுதினீங்கன்னா, இனிமே நெசமா எரியும்போதும் யாரும் மூட மாட்டாங்க. அப்புறம் நான் எவ்வளவு நல்ல பெட்டி செஞ்சு குடுத்தாலும் வீண்.”

 அதிகாரி உலைக்காரர் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க. நாளைக்கே மறுபடி சிவப்பு எரிஞ்சா என்ன பண்ணுவீங்க?”

உலைக்காரர் யோசித்தார். பயந்துகொண்டு யோசிக்கவில்லை, உலைக்கு முன்னால் நின்று யோசிப்பது போல யோசித்தார். “மூடுவேன் சார்” என்றார்.

அதிகாரி குறிப்பெடுப்பவரைப் பார்த்துத் தலையசைத்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ‘பணி நீக்கம் ரத்து. சிவப்பு விளக்கு எரிந்தால் அனுமதி கேளாமல் உடனே எரிவாயுவை மூடலாம்’ என்று சொல்லச் சொல்ல அந்த ஆள் எழுதினார். “ ‘மூடலாம்’ இல்ல சார், ‘மூட வேண்டும்’ ” என்றாள் தாள்காரம்மா. அதிகாரி பெருமூச்சு விட்டு, “வேண்டும்னே போடுங்க” என்றார்.

வெளியே வந்ததும் உலைக்காரர் கொஞ்ச தூரம் அவளோடு நடந்தார். நன்றி சொல்வாரோ என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. தன் தவறுக்கு அவர் நன்றி சொன்னால் எங்கே கொண்டு போய் வைப்பது? அவர் சொல்லவில்லை.

“அந்தக் கடுதாசியில ஒரு நகல் கிடைக்குமா? எங்க வீட்டம்மாவுக்குக் காட்டணும். சொன்னா நம்புவா, இருந்தாலும் படிச்சுக் காட்டணும்.”

பையிலிருந்து நகலை எடுத்துக் கொடுத்தாள். அவர் சட்டைப் பையில் நான்காக மடித்து வைத்துக்கொண்டார்.

“இதே பெட்டி இன்னும் பல இடத்துல தொங்குதே. இப்போ நேரா எங்க போறீங்க?”

“வரிசைப்படி சார் போகச் சொன்னாரு. முதல்ல செங்கல் சூளை, அப்புறம் பீங்கான் ஆலை…”

“வரிசையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல இரும்பு வார்ப்படப் பட்டறைக்குப் போங்க” என்றார் உலைக்காரர். “அங்க எங்களதைவிட சூடு. அங்க நிக்கறது என் சகலை. வாய் கொஞ்சம் ஜாஸ்தி, எடுத்ததுக்கெல்லாம் சண்டைக்கு நிப்பான். அவன் பெட்டியில செவப்பு எரிஞ்சு, அவன் மூடிட்டு, அப்புறம் யாராவது அவன் பொய் சொல்றான்னு சொன்னாங்கன்னு வைங்க, என்னை மாதிரி ரெண்டு பஸ் மாறி உங்களைத் தேடிக்கிட்டு வர மாட்டான். அங்கயே கைகலப்பாயிடும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மணியைப் பார்த்தாள், பதினொன்றேகால். தெருமுனையில் வார்ப்படப் பட்டறைப் பக்கம் போகும் பேருந்து திரும்பிக்கொண்டிருந்தது. உலைக்காரர் அவளுக்கு முன்னாலேயே கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுத்தார்.